இரண்டாம் வேளை மருந்தைக் கொடாமல் காத்த கம்பவுண்டர் யாக்கோபு அவர்களுக்கு

பீர்மேட்டு மலைச்சரிவில், வெள்ளியோடைத் தேயிலைத் தோட்டத்து மருத்துவசாலையில் நெடுங்காலம் நின்று, நோயுற்றோர் நெஞ்சில் நம்பிக்கை நிறைத்து, இன்று பணி முடித்து விடைபெறும் பண்பாளரே, எங்கள் பெருமதிப்பிற்குரிய கம்பவுண்டர் யாக்கோபு அவர்களே, தங்களோடு பணிபுரியும் பேறு பெற்ற நாங்கள் அன்பும் வியப்பும் மேலிட வாசித்தளிக்கும் மடல் இது.

ஐயா,

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழ்ப் படிப்பை மட்டும் துணைகொண்டு மலையேறி வந்தவர் தாங்கள். ஆங்கிலத்தைத் தங்களுக்கு எவரும் முறையாகக் கற்பித்ததில்லை. மருந்துப் புட்டிகளில் ஒட்டிய சீட்டுகளும், தொழிற்சாலை வாசலில் தொங்கும் அறிவிப்புப் பலகையுமே தங்கள் பாடப்புத்தகங்கள். புதுச்சொல் ஒன்றைக் கண்டால் டாக்டரிடம் பொருள் கேட்பீர்கள்; கேட்டதை வைத்து அன்றைக்கே ஒரு வாக்கியம் அமைத்துப் பேசிப் பார்ப்பீர்கள். அது பொழுதுபோக்கு என்றே பலரும் நினைத்திருந்தோம். அதில் ஓர் உயிரே தங்கியிருந்தது என்பதை ஓர் ஆடி மாத மழையில்தான் அறிந்தோம்.

அந்த மழையில் மலைப்பாதை சரிந்துவிட்டது. கோட்டயம் சென்றிருந்த டாக்டர் திரும்ப வழியில்லை. மேல் லயத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில் குடியிருந்த சுடலை, காய்ச்சலில் நினைவிழந்து கிடந்த தம் மனைவி சின்னத்தாயைக் கம்பளியில் சுற்றித் தூக்கி வந்தார். கடுங்காய்ச்சலுக்கென்று டாக்டர் புதிதாக வரவழைத்து வைத்திருந்த மருந்தில் முதல் வேளையைக் காலையில் கொடுத்தீர்கள். காய்ச்சல் இறங்கியது, கூடவே நாடியும் தளர்ந்தது. நடுப்பகலில் இரண்டாம் வேளை வந்தது.

நாடி தளர்ந்திருந்தால் இரண்டாம் வேளையை ‘வித்ஹோல்டு’ செய்க என்று புட்டியின் சீட்டில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அந்தச் சொல்லைத் தாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. ‘வித்’ என்றால் உடன், ‘ஹோல்டு’ என்றால் பிடி. ஆளைக் கூடப் பிடித்துக்கொண்டு கொடுக்கச் சொல்கிறது போலும் என்று எண்ணி மருந்தை அளந்தும் விட்டீர்கள். கிண்ணம் அவள் உதட்டருகே போன பின்னர்தான் தங்கள் கை நின்றது.

“மொத மருந்துலதானய்யா காய்ச்சல் எறங்குச்சு. ரெண்டாவதையும் குடுத்துருங்க. ஒங்க கால்ல விழுறேன்” என்று சுடலை கெஞ்சினார்.

“கொஞ்சம் பொறுப்பா. இதுல ஒரு வார்த்தை எனக்கு வெளங்கல.”

“நீங்க படிச்சவுக. ஒங்களுக்கா வெளங்கல?”

“வாசிக்க வருது. என்ன சொல்லுதுன்னு தெரியல. தெரியாம ஊத்த மாட்டேன்.”

இதைச் சொல்லிவிட்டுச் சீட்டை மீண்டும் முதலிலிருந்து உரக்க வாசித்தீர்கள். இம்முறை அந்தச் சொல்லோடு நின்றுவிடாமல் அடுத்த வாக்கியத்துக்கும் போனீர்கள். நாடி சீரானதும் ‘ரெஸ்யூம்’ செய்க என்றிருந்தது அங்கே. அது தங்களுக்குத் தெரிந்த சொல். மழையால் நின்ற வேலை மறுபடி தொடங்கும் நாளில் தொழிற்சாலைப் பலகையில் அதைத்தான் எழுதுவார்கள்.

“நின்னு போனதத்தானே திரும்பத் தொடங்க முடியும்?” என்று, பக்கத்தில் நின்ற எங்களில் ஒருவரான பெரியமுத்துவிடம் கேட்டீர்கள். “அப்ப மேல இருக்குறது, நிறுத்துன்னு சொல்லுது.”

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டீர்கள். வெந்நீரும் கஞ்சித் தெளிவும் துளித்துளியாகப் புகட்டிக்கொண்டு, அவள் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்காமல் உட்கார்ந்தீர்கள். சுடலை தங்கள் முகத்தைப் பார்க்க மறுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். விளக்கேற்றும் வேளையில் நாடி தேறியது. அவள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். அதன் பின்னரே அடுத்த வேளை மருந்தைக் கொடுத்தீர்கள்.

பாதை திறந்து டாக்டர் வந்ததும் அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டீர்கள். கொடுக்காதே, நிறுத்தி வை என்றார் அவர். அன்று நடுப்பகலில் கொடுத்திருந்தால் அவள் இதயமே நின்றிருக்கும் என்றும் சொன்னார்.

மறுவாரமே எங்களுக்கெல்லாம் வாசிப்புப் பயிற்சியைத் தொடங்கினீர்கள். மருந்தலமாரி திறக்கும் முன் காலைதோறும் ஒருவர் ஒரு பத்தி ஆங்கிலம் வாசிக்க வேண்டும். பிறகு தாளை மூடிவைத்துவிட்டு அது சொல்வதைத் தம் சொந்தத் தமிழில் சொல்ல வேண்டும். தடையின்றி வாசித்தவர் என்று எவரையும் தாங்கள் மெச்சியதில்லை. “சத்தம் நல்லாருக்கு. சங்கதியச் சொல்லு” என்பீர்கள். தெரியாத சொல்லைத் தெரியாது என்று சொன்னவரைத்தான் தட்டிக்கொடுத்தீர்கள். கூட்டிப் பெருக்க வந்த ராமுத்தாய், துடைப்பத்தோடு நின்று கேட்டுக் கேட்டே, குடிக்கும் மருந்து எது, தேய்க்கும் மருந்து எது என்று சீட்டைப் பார்த்துப் பிரித்து வைக்கத் தேர்ந்தார். இம்மருத்துவசாலையில் அதன் பின் மருந்து மாறிப் போனதில்லை.

இன்று காலையும் அப்பயிற்சி நடந்தது. தாங்களே வாசித்தீர்கள். டாக்டர் தந்த பத்திரிகையில் ‘லெஷர்’ என்றொரு சொல் வந்தது. நிறுத்திவிட்டு, எங்களில் இளையவரான நர்சு புஷ்பமேரியிடம், “இது என்னம்மா?” என்றீர்கள்.

“சும்மா கெடக்குறது இல்லைங்கய்யா. வேலைன்னு யாரும் கூப்பிடாம, நம்ம மனசுபோல இருக்குற நேரம்.”

சிரித்தீர்கள். “அப்படி ஒண்ணு எனக்கு வாய்க்கவே இல்லையே தாயி. அதான் தெரியாமப் போச்சு.”

ஆன்றோரே, அந்தச் சொல்லுக்கான பொருளைத் தாங்கள் இனி அகராதியில் தேட வேண்டாம். நோயணுகா உடலும் நிறைந்த ஆயுளும் பெற்று, தங்கள் இல்லத்தார் சூழ, நாள்தோறும் அதை வாழ்ந்தே அறிந்துகொள்ள இறைவன் அருள்வாராக.

இங்ஙனம்,
தங்களிடம் வாசிக்கக் கற்ற
வெள்ளியோடைத் தோட்டத்து மருத்துவசாலைப் பணியாளர்கள்
பீர்மேடு, 1934