இழுக்காத அண்ணி

அதிகம் படிக்காத நான் கம்ப்யூட்டர் விஷயம் எழுதினால் சிரிப்பார்களோ என்று சில வருடங்களாகவே தயங்கினேன். வீராம்பட்டினத்திலிருந்து வந்த பஸ்ஸில், முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவளின் கணவர் போன படகு காற்றில் மாட்டி இன்னும் திரும்பவில்லை. படகு கரை சேர்ந்தால் காட்டும் இணையப் பக்கத்தை அவள் செல்போனில், புதுச் சேதி வருமா என்று விரலால் கீழே இழுத்து இழுத்துப் பார்த்தாள். அந்தப் பக்கத்துக்குப் புரோகிராம் எழுதியவள் அருகிலிருந்த நாத்தனார்தான்.

“இழுக்காத அண்ணி! அது என்ன வலையா?”

“பின்ன எப்பிடிடி தெரியும்?”

“நீ கேக்கவே வேணாம். ஜாவாஸ்கிரிப்ட்ல சர்வருக்கு ஒரு லைன் தொறந்தே வெச்சிருக்கேன், வெக்காத போன் மாதிரி. சேதி இருந்தா சர்வரே அனுப்பும். நீ இழுத்தா பக்கம் மொதல்லேந்து லோடாகி அந்த லைன் அறுந்துடும்.”

“ஐயோ, சிக்னலே போச்சே! இப்ப அனுப்பியிருந்தா?”

“சிக்னல் வந்ததும் தானா சேந்துக்கும். கடைசியா எது வந்துச்சுன்னு சொல்லி, வுட்டுப்போனத கேட்டு வாங்கிக்கும்.”

அண்ணி செல்போனை மடியில் வைத்துக் கைகூப்பினாள். நானும் அம்மனை வேண்டிக்கொண்டேன். நெல்லித்தோப்பு தாண்டியதும் செல்போன் தானே ஒலித்தது.

“உங்கண்ணன் படகுடி! சிக்னல் போன நேரத்துலயே கரை சேந்துட்டாரு!”

காதில் விழுந்தது இவ்வளவுதான். கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கடலுக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு முதலில் சொல்லுங்கள்.