தேய்த்து அழித்த ஐந்து பெயர்கள்

ஹார்லன் சட்டனின் பழைய பட்டாளத்துத் தானியங்கித் துப்பாக்கியை நான் முதன்முதலாகச் சுட்டபோது, பக்கத்து மாநிலத்தில் ஒரு மேகம் அறுந்து கீழே விழுந்தது. சத்தியம்.

"மேகமா? உன் பல்செட்டுதான் விழுந்திருக்கும், கிழவா," என்றாள் டார்லா. எங்கள் சுடுதளத்தில் யார் எப்போது சுடலாம் என்று கட்டளையிடுபவள். பேயையும் நம்பமாட்டாள், என்னையும் நம்பமாட்டாள்.

சரி, நெருப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதன் வெண்டலின் மச்சான் கர்டிஸுக்கு நடந்தது.

போன அக்டோபர். மாலை ஆறு ஐம்பது. இதே அரிசோனா மண்சாலை... வேறு ஒரு வண்டி இல்லை. கர்டிஸ் மட்டும் வருகிறான். பின்சீட்டில் ஹார்லனின் துப்பாக்கி.

ஹார்லன் அந்த மார்ச்சில்தான் செத்துப்போனார். கொரியப் போருக்குத் தன்னோடு போய்த் திரும்பாத ஐந்து பேரின் பெயர்களை அதன் பின்பக்கம், தோளில் அணைத்துப் பிடிக்கும் மரக்கட்டையில் ஆணியால் கீறி வைத்திருந்தார். அவர் மனைவி ஐரீனுக்குக் கண் தெரியாது. வருஷா வருஷம் இங்கே வந்து அந்தப் பெயர்களை விரலால் தடவி வாசிப்பாள். இங்கே பத்திரமாகக் கொண்டுவரத்தான் துப்பாக்கியைக் கர்டிஸ் பொறுப்பில் விட்டிருந்தாள். மறுநாள் காலை வருகிறாள்.

அந்த மடையன் என்ன செய்தான் தெரியுமா? உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்துக் கொண்டுவந்தான்! பெற்ற தாயை அடிப்பவன்கூடப் பழைய துப்பாக்கிக்கு இதைச் செய்யமாட்டான்.

"பளபளன்னு இருக்குல்ல?" என்று இளித்தான்.

"நாசமாப் போறவனே, நாளைக்கு அந்தம்மா எதைடா வாசிக்கும்?" என்று கத்தினேன். எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கிறது.

அவன் கண்டுகொள்ளவில்லை. மண்ணில் படுத்து, கட்டையில் கன்னத்தை அழுத்திச் சுட்டான். தடதடதட... இருபது தோட்டாவும் தீர்ந்தது. டார்லா "நிறுத்து!" என்று கூவினாள். தோட்டாப் பெட்டியைக் கழற்றினான்.

அப்புறமும்... டொக்.

கட்டை தானாக எகிறி அவன் கன்னத்தில் அறைந்தது. டொக்... டொக்... வார்னிஷ் கருகும் நாற்றம். அதோடு... ஈரச் சேற்று வாசம். ஒன்பது மாதமாக ஒரு சொட்டு மழை காணாத மண்ணில்!

"ஸ்பிரிங் கோளாறு," என்றாள் டார்லா. ஆனால் குரல் இறங்கியிருந்தது.

காலையில் ஐரீன் வந்தாள். கட்டையைத் தடவினாள். வழவழ. முகம் ஜிவ்வென்று சிவந்தது.

"எங்கடா அவனுங்க?"

கர்டிஸ் வீங்கிய கன்னத்தோடு அவள் முன்னால் வந்து நின்றான். அறையத்தான் கை ஓங்கினாள்... கன்னத்தில் பட்ட கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு விரல் அந்த வீக்கத்தின்மேல் மெல்ல நகர்ந்தது. எழுத்து எழுத்தாக. ஐந்து பெயர்களையும் வாசித்தாள்!

கதையை முடித்துவிட்டு, டார்லா சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன், இதையும் பொய்னு சொல்லேன்?"

"நடந்துச்சு. நான் பக்கத்துலயேதான் நின்னேன்... ஆனா அஞ்சு இல்ல, கிழவா. ஆறு. கடைசியா ஹார்லன் பேரை வாசிச்சா. அது அந்தக் கட்டையில இருந்ததே இல்ல."