வடித்த தண்ணீர்

விருந்துக்கு வருகிறவர்களுக்கு முதலில் எண்ணெய்ப் பலகாரம் வைப்பது எனக்குப் பிடிக்காது. வயிறு கெட்டுவிடும். அதனால் இந்தக் கிறிஸ்துமஸுக்கு வடை, பஜ்ஜி கிடையாது என்று முன்பே சொல்லிவிட்டேன். முருங்கைக்கீரை சூப், அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பேரீச்சம்பழம், இளநீர். நீங்கள் எடுத்துப்போன பாத்திரங்களில் எதைச் சோதித்தாலும் விஷம் இருக்காது. அதற்காக அலைய வேண்டாம்.

லாரன்ஸ் என் அண்ணன். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, பாளையம்பட்டியிலிருந்து மதுரைக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்தார். மதினி அஷ்லினுக்குத் திருச்சுழியில் அரசு வேலை. சமையல் என் பொறுப்பு. அண்ணனுக்குக் காய், கிழங்கு எதுவானாலும் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அதில் இறங்கும் பொட்டாசியம் அவர் உடம்பில் தங்கினால் இதயத்தை நிறுத்திவிடும் என்று மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் ஒருநாளும் தவறியதில்லை. வடித்த தண்ணீரை வாசல் முருங்கைக்கு ஊற்றுவேன். மரம் நன்றாக வந்தது.

ஜனவரியில் என் சிறுநீரகம் ஒன்றை அவருக்கு வைப்பதாக இருந்தது. பொருந்துகிறது என்று தெரிந்த வாரமே மதினி ஜெபக்கூட்டத்தில் எழுந்து, நான் தரப்போவதைச் சாட்சியாகச் சொன்னார். பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்குச் சம்மதமா என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

பண்டிகைக்கு முன் செய்ய வேண்டிய டயாலிசிஸை, கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். அன்று கிழங்கு அவித்த தண்ணீரைக் கொட்டவில்லை. அதிலேயே கீரையைப் போட்டு சூப் வைத்தேன்.

யாக்கோபு சித்தப்பா தட்டைப் பார்த்தார். "ஏ இன்பராணி, ஆட்டுக்கு வைக்கிறதெல்லாம் எங்களுக்கு வச்சிருக்கியே."

"எண்ணெ கெடுதல் சித்தப்பா."

"கிட்னியே தாராளாம், நாலு வடை தர மனசில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். மதினி இளநீரையும் பழத்தையும் அவர் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தார். கவனமானவர்.

"இவுகளுக்குத் தண்ணிய வடிச்சிட்டேல்ல?"

"வடிச்சிட்டேன் மதினி."

அண்ணன் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "சூப்பு குடிச்சு எம்புட்டு நாளாச்சு. குடிக்கலாமாத்தா?"

"உனக்கு ஆகுற மாதிரிதாண்ணே வச்சிருக்கேன்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. இன்னொரு தம்ளர் கேட்டார். ஊற்றினேன்.

சாயங்காலம் கால் மரத்துப்போகிறது என்றார். படுத்துக்கொள்ளச் சொல்லிப் போர்த்திவிட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இருவருமே அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. மதினி ஆராதனை முடிந்து வந்தபோது மூச்சு நின்றிருந்தது.

வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை என்று சொன்னேன். மதுரையில் ஒரு டாக்டர் கேட்டார். கதவைச் சாத்திவிட்டு, "வேண்டாம்னா சொல்லும்மா. கடைசி டெஸ்ட்ல சரிப்படலன்னு நானே சொல்லிர்றேன். யாருக்கும் தெரியாது" என்றார். முழுச் சம்மதம் என்றேன். அவர் எழுந்து நின்று என்னைக் கும்பிட்டார்.

அப்படிக் கும்பிட்டவரிடம் திரும்பப் போய் எப்படி மாட்டேன் என்பது, நீங்களே சொல்லுங்கள்.