மொட்டைச் சரிவு

இந்த மேஜை மரமில்லை ஐயா, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. ஓரத்தில் தண்ணீர் பட்டு உப்பியிருக்கிறது பாருங்கள். மரம் வெட்டுகிறவனைத் திட்டுகிறவர்கள் எல்லாரும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கையில் காகிதத்தை வைத்துக்கொண்டுதான் திட்டுகிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, சிரிப்புதான் வரும்.

நான் மரக் கம்பெனியின் வெட்டு மேலாளர். எந்தச் சரிவில் எப்போது கை வைப்பது என்பது என் முடிவு. என் வழி முழுவெட்டு. ஒரு மரம் விடாமல் சாய்த்துவிட வேண்டும். பொறுக்கிப் பொறுக்கி வெட்டுவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சாய்கிற மரம் பக்கத்து மரத்தில் சிக்கித் தொங்கும், பிறகு கீழே நிற்கிறவன் மண்டையில் விழும். முழுவெட்டில் அந்தத் தொல்லை இல்லை. வேலை சீக்கிரம் முடியும், தரையில் வெயில் விழும், நட்ட கன்றுகள் ஒரே சீராக எழும்பும். கெடுதலும் உண்டு, மறைக்கவில்லை. ஓடைத் தண்ணீர் கலங்கும், பறவைகள் போய்விடும், பார்க்க அசிங்கமாக இருக்கும். அதற்காகத்தான் சாலையோரம் மட்டும் இரண்டு வரிசை மரங்களை விட்டுவைப்போம். காரில் போகிறவர்கள் கண்ணாடியை இறக்கி, என்ன அருமையான காடு என்று மூச்சை இழுத்துக்கொண்டு போவார்கள். அந்த இரண்டு வரிசைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருவரும் இறங்கிப் பார்த்ததில்லை.

என் தங்கையின் கணவர் அதே கம்பெனியில் நாற்றுப் பண்ணையைப் பார்த்துக்கொண்டார். படித்த மனிதர், படித்ததை மறக்கவே தெரியாத வியாதி அவருக்கு. சரிவின் அடியில் இருந்த தொழிலாளர் குடியிருப்பில் முதல் வீடு அவருடையது. மேலே முழுவெட்டு வேண்டாம் என்று, முதலாளி உட்கார்ந்திருந்த கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"மரத்தை வெட்டினதும் வேர் பிடியை விட்டுடாது மச்சான். கொஞ்ச வருஷம் மண்ணைப் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கும். அது மக்கிப்போற நேரத்துலதான் ஆபத்து. புதுக் கன்னோட வேர் அதுக்குள்ள ஆழமா இறங்கியிருக்காது."

நான் அவரைப் பேராசிரியர் என்று கூப்பிட ஆரம்பித்தேன். கம்பெனி முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வெட்டி முடித்தோம். முதல் மழைக்காலம் போனது, அடுத்ததும் போனது. ஒரு கூடை மண்கூட இறங்கவில்லை. கேன்டீனில் அவரைப் பார்க்கும்போதெல்லாம், பேராசிரியரே, மலை கிளம்பிவிட்டதா என்று கேட்பேன். மேஜை மேஜையாகச் சிரிப்பார்கள். அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது மழைக்காலத்தின் தொடக்கத்தில் நான் தனியாகச் சரிவில் ஏறினேன். ஓர் அடிக்கட்டையில் கால் வைத்தேன். ஆடியது. கையிலிருந்த கம்பால் நெம்பினேன். என் கை தடிமன் இருந்த வேர் ஈரமான பஞ்சாகப் பிய்ந்து வந்தது. இன்னும் மேலே போனால், சரிவின் குறுக்கே தரை வெடித்திருந்தது. என் கால் உள்ளே போகும் அகலம். பெருமழை வரப்போகிறது என்று காலையிலிருந்து வானொலி கத்திக்கொண்டிருந்தது.

இறங்கி வந்து ஆகவேண்டியதைக் கவனித்தேன். சரிவின் அடியில் நிறுத்தியிருந்த மரம் இழுக்கும் இயந்திரங்களை லாரியில் ஏற்றி ஆற்றுக்கு அக்கரைக்கு அனுப்பச் சொன்னேன். தங்கை வீட்டுக்குப் போய், அண்ணிக்கு உடம்பு சரியில்லை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து கூட இரு என்றேன். அவள் மறுபேச்சுப் பேசாமல் பையை எடுத்தாள். ஜீப் கிளம்பும்போது அவர் பண்ணையிலிருந்து கைமண்ணைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"மெஷினெல்லாம் ஏத்துறீங்களே மச்சான். மேல ஏதாச்சும் பார்த்தீங்களா?"

"சர்வீஸுக்குப் போகுது மாப்பிள்ளை."

அவ்வளவு படித்தவர், நம்பிவிட்டார். பிள்ளைக்கு மழையில் நனையாமல் தலையை மூடிவிடச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

மறுநாள் விடியும்போது சரிவு இறங்கியது. குடியிருப்பில் இருந்த பதினோரு பேரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள், அவரையும் சேர்த்துத்தான்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று கேட்கிறீர்கள். உங்களுக்குச் சுலபம். நான் அந்த வார்த்தையைச் சொன்னால் எல்லாரும் மூட்டை முடிச்சோடு கேன்டீனில் வந்து படுத்திருப்பார்கள். பேராசிரியர் அன்றைக்கே சொன்னார் என்று ஒருவன் தொடங்குவான். முதலாளி அவர் தோளில் கை போடுவார். அதற்கப்புறம் அந்த இடத்தில் நான் எப்படி ஐயா உட்கார்ந்து சாப்பிடுவது?

பிணவறை வாசலில் தங்கை அழவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மெஷினை எடுத்துட்டே. எங்களையும் எடுத்துட்டே. அவரை மட்டும் ஏண்ணா விட்டுட்டே?"

புகார் கொடுத்ததும் அவள்தான் என்று தெரியும். துக்கத்தில் செய்துவிட்டாள், போகப்போகச் சரியாகிவிடுவாள். கூடப் பிறந்தவள்தானே.

ஆமாம், தெரிந்தேதான் விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர் சொன்னபடியே நடந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கூட்டத்தில் அவர் கிழக்கு ஓரம்தான் சரியும் என்றார். சரிந்தது மேற்கு ஓரம். அதையும் விடாமல் எழுதுங்கள் ஐயா.