செவலைக்கு ஒரு கல்யாணம்

சிவகாசியிலிருந்து ஏழாயிரம்பண்ணை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“காயடிச்சுக் குடுத்தாத்தான் வாங்குவேன்ங்காரு மதுரைக்காரரு. நாளைக்கு மாட்டு டாக்டர் வாராரு” என்றார் தம்பி. பக்கத்து சீட்டுக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“நம்ம செவலக் குதிரைக்கா?” என்று அக்கா கேட்ட பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

“பொட்டக் குதிரை வாடை பட்டா முன்னங்காலத் தூக்கிருதுக்கா. கல்யாணத்துக்குக் குதிரை விடுறவரு, அதுல மாப்பிள்ளைய ஏத்தி ஊர்வலம் விட முடியுமா?”

“அதோட ஆத்தா வெள்ளச்சி நம்மள வண்டியில பள்ளிக்கூடத்துக்கு இழுத்துட்டுப் போகுமே, ஞாபகமிருக்கா? சாயங்காலம் அது கழுத்து மணி கேட்டாத்தான் அம்மா உலை வைப்பாக. பட்டாசுக் கம்பெனில வெடிச்சுப் பாக்கும்போது தெருவே அதிரும். வெள்ளச்சி அது பாட்டுக்கு நடக்கும்.”

“ஒன் கல்யாணத்துல பத்தாயிரம் வாலா வெடிச்சப்ப, குதிரை மேல இருந்த மச்சான்தான் நடுங்குனாரு. வெள்ளச்சி காதக்கூட ஆட்டல.”

இருவரும் சிரித்தார்கள். முதலில் நிறுத்தியது அக்காதான்.

“செவலையும் அப்படித்தாம்லே. அந்த ரத்தம் இதோட முடிஞ்சுருமே.”

அக்கா தம்பி பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“ஆலங்குளத்துல என் நாத்தனா வீட்டுல ஒரு பொட்டக் குதிரை நிக்குது. குட்டி போட்டா நம்ம வளப்போம். பெறகு இதக் காயடிச்சு வித்துக்கோ.”

தம்பி செல்போனை எடுத்தார்.

“டாக்டர் சார், நாளைக்கு வர வேணாம். செவல ஒரு கல்யாணத்துக்குப் போகுது… இல்ல சார், யாரையும் ஏத்திட்டுப் போகல. இந்தத் தடவ மாப்பிள்ளையே அதுதான்.”