ஏழில் பாதி

நீல மையால் எழுதிய விடைத்தாள் ஈரம் பட்டால் சீக்கிரம் மங்கிவிடுகிறது. அதனால் அவளுடைய தாளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அருகில் வாருங்கள், பாருங்கள். ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நான் உட்கார்ந்து பேசிப் பழகாதவன். நடந்துகொண்டேதான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் தரணீதரன். திருப்பூரில் மங்கலம் செல்லும் சாலையில் ஒரு தனியார் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். வணிகவியலில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே ஓர் அடிப்படைத் தேர்வு வைப்போம். இருபத்தைந்து கேள்விகள். பத்துக்குக் குறைந்தால் ரெமடியல் வகுப்பு. அதன்பிறகு மூன்று வாய்ப்புகள் உண்டு. மூன்றிலும் தேறாதவர்கள் வணிகவியலில் தொடர முடியாது. மற்ற ஆசிரியர்கள் அந்த வகுப்பைத் தண்டனை என்பார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பதினான்கு ஆண்டுகளாக அது என் வகுப்பு.

பன்னிரண்டு ஆண்டு பள்ளியில் அமர்ந்த பிள்ளைக்குத் தசமம் தெரியவில்லை என்றால் குற்றவாளி அந்தப் பிள்ளையா? புரியவைக்காமல் ஒப்புவிக்க வைத்தவர்கள் யார்? தேர்ச்சி விழுக்காட்டைத் தட்டியில் அச்சடித்து வாசலில் கட்டி மகிழ்ந்தவர்கள் யார்? இதைத்தான் துண்டறிக்கைகளில் எழுதினேன். சோமனூர் முதல் ராயபுரம் வரை மேடை கிடைத்த இடமெல்லாம் பேசினேன். இன்றும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன். ஆனால் விழுக்காடுகளைக் கேட்டு மக்கள் அசைவதில்லை. கொட்டாவி விடுவார்கள், தேநீர் குடிக்க எழுந்து போவார்கள். ஒரு தாளைக் காட்டினால் அசைவார்கள்.

அந்தத் தாள் சென்ற ஆண்டு ஜூலையில் எனக்குக் கிடைத்தது. எழுதியவள் முத்துப்பேச்சி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். தந்தை ராமர் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இரண்டாண்டு அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, கல்லூரியில் சேர வேண்டும் என்று வீட்டில் சண்டையிட்டுச் சேர்ந்தவள். சேர்ந்த பிறகும் மாலையிலும் சனிக்கிழமையிலும் வேலைக்குப் போய்வந்தாள். தசமப் புள்ளி இல்லாத எட்டுக் கேள்விகளும் சரி. புள்ளி வைத்த பதினேழும் தவறு. 3.6-உம் 2.8-உம் சேர்ந்தால் 6.2 என்று எழுதியிருந்தாள். ஏழில் பாதியைப் புள்ளி வைத்து எழுதுக என்ற கேள்விக்கு 3.6 என்று எழுதி, அடியில் அழுத்தமாகக் கோடும் போட்டிருந்தாள்.

பெயரைக் கட்டைவிரலால் மறைத்து அந்தத் தாளை மேடையில் தூக்கிக் காட்டினேன். "கல்லூரி வாசலை மிதித்த ஒரு பெண், ஏழில் பாதி மூன்று புள்ளி ஆறு என்கிறாள்" என்றேன். முதலில் சிரித்தார்கள். பிறகு அமைதியானார்கள். பிறகு ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாடத்திட்டத்தை மாற்றக் கோரும் எங்கள் மனுவுக்கு அன்று ஒரே கூட்டத்தில் நானூறு கையெழுத்து வந்தது. அதற்கு முந்தைய பதினோரு கூட்டங்களிலும் சேர்த்து அவ்வளவு வந்ததில்லை.

இதுவரை நான் குற்றமற்றவன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பரில் ஒரு கூட்டத்துக்குத் தொழிலாளர்களை அழைக்க அவள் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் போனேன். செக்கிங் மேசைக்குப் பின்னால் ஒரு கரும்பலகை. அதில் மணிவாரியாக எண்கள்: 13.9, 14.4, 14.11, 15.2. நான் கணித ஆசிரியன். பதினான்கு புள்ளி நான்குக்குப் பிறகு பதினான்கு புள்ளி பதினொன்று வருவது என் கண்ணை உறுத்தியது. சூப்பர்வைசர் வேலுமணியிடம் கேட்டேன்.

"அது டஜன் கணக்குங்க சார். பதினாலு டஜனும் பதினொரு பீசுங்க."

"பதினான்கு புள்ளி பன்னிரண்டு வருமா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏனுங்க சார், பன்னண்டு வந்தா அடுத்த டஜன் ஆயிப்போச்சுங்களே. காலேஜுல கணக்கு வாத்தியாருன்னு சொன்னீங்க?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வாசலுக்கு வந்து வண்டியைக் கிளப்பாமல் நின்றேன். மூன்று டஜன் ஆறும் இரண்டு டஜன் எட்டும் சேர்ந்தால் ஆறு டஜன் இரண்டு. ஏழு டஜனில் பாதி மூன்று டஜன் ஆறு. பதினேழு விடைகளையும் ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பதினேழும் சரி. பள்ளியில் புள்ளியை அவளுக்கு யாரும் விளக்கவில்லை. மனப்பாடம் செய்தாள், மறந்தாள். கம்பெனியில் விளக்கினார்கள், அது மனத்தில் நின்றுவிட்டது. அந்த வகுப்பில் அவளைவிடத் தெளிவாகக் கணக்குப் போடுகிற பிள்ளை எவரும் இல்லை. 'கல்லூரியில் புள்ளிக்குப் பின் பத்து வந்தால் அடுத்த எண், பன்னிரண்டு அல்ல.' அவளுக்குத் தேவைப்பட்டது இந்த ஒரு வாக்கியம்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வகுப்பில் பலகைக்கும் சன்னலுக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தேன். பிள்ளைகள் என் பின்னால் தலையைத் திருப்பித் திருப்பி அலுத்துப்போனார்கள். வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் இரண்டாவது பெரிய கூட்டம் அடுத்த வாரம் இருந்தது.

நியாயமாக யோசித்துப் பாருங்கள். ஒருத்தி தேறினால் ஒருத்திதான் தேறுவாள். அவள் தேறாமல் நின்றால் பல்லாயிரம் பிள்ளைகளுக்குக் கதவு திறக்கும். எதை வேண்டுமானாலும் உணர்ச்சியால் எடைபோடலாம். நான் கணிதத்தால் எடைபோட்டேன்.

ஆகவே சில ஏற்பாடுகள் செய்தேன். தசமப் பாடத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றினேன். சனிக்கிழமை அவளுக்கு முழு ஷிப்ட். அடுத்த தேர்வின் வினாத்தாளை நானே தயாரித்தேன். புள்ளி வைத்த கேள்விகள் பதினேழு இருந்ததைப் பத்தொன்பது ஆக்கினேன். உடன் படிக்கும் பெண்கள் அவளுக்குச் சரியான விடையைச் சொன்னார்கள். அது ஏன் சரி என்று சொல்ல அவர்களுக்கும் தெரியவில்லை. ஏனென்றால் அவர்களும் ஒப்புவித்துத் தேறியவர்கள். அவள் காரணம் தெரியாத விடையை எழுதுகிறவள் அல்லள். அவளுடைய இந்த நேர்மையை நம்பித்தான் நான் ஏற்பாடுகளைச் செய்தேன்.

முதல் வாய்ப்பில் ஆறு மதிப்பெண். இரண்டாவதிலும் ஆறு. அதன்பிறகு ஆசிரியர் அறைக்கு வந்தாள். கையில் ஒரு நோட்டு. நாற்பது பக்கம் கணக்குப் போட்டிருந்தாள்.

"சார், எங்கன தப்புன்னு மட்டும் சொல்லுங்க சார். திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கேன். எனக்குச் சரியாத்தான் வருது."

"தப்பு உன்கிட்ட இல்லை கண்ணு" என்றேன்.

"அப்ப யாருகிட்ட சார்?"

"உனக்குச் சொல்லிக்கொடுக்காத அமைப்புகிட்ட."

அவள் நோட்டை மூடினாள். "அமைப்பு வந்து பரீட்சை எழுதாதுல்லா சார். நாந்தான எழுதணும்."

நல்ல வாக்கியம். அடுத்த கூட்டத்தில் அதையும் பயன்படுத்தினேன்.

அந்தக் கூட்டம் மங்கலத்தில் நடந்தது. அவளும் தாயாரும் வந்திருந்ததை நான் முதலில் கவனிக்கவில்லை. தாளைத் தூக்கிக் காட்டினேன். கூட்டம் சிரித்தது. மூன்றாவது வரிசையில் அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய கையெழுத்து அவளுக்குத் தெரிந்தது. தாயார் சிரித்து முடிக்கும்வரை அவள் அசையாமல் அமர்ந்திருந்தாள். ஒருவர் அதைக் கைபேசியில் பிடித்துப் பரப்பிவிட்டார். வகுப்பில் கம்பெனி முதலாளி ஒருவரின் மகன் சுரேந்தர், "ஏனுங்க்கா, ஏழு தோசையில பாதி எத்தனைங்க?" என்று கேட்டான். நான் அவனைக் கண்டித்தேன். ஏழைப் பிள்ளைகளை எள்ளி நகையாடும் மனப்பான்மையைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன்.

மூன்றாவது தேர்வில் அவள் புள்ளி வைத்த பத்தொன்பது கேள்விகளையும் தொடாமல் விட்டிருந்தாள். வெற்றுத்தாள் மேடைக்கு உதவாது. அதனால் பழைய தாளையே வைத்துக்கொண்டேன்.

சென்ற வாரம் மறுபடி அந்தக் கம்பெனிக்குப் போனேன். மூன்று நாள் வாசல்வரை போய்த் திரும்பியிருந்தேன். நான்காம் நாள் வேலுமணியே வெளியே வந்தார்.

"அந்தப் புள்ளை டஜன் கணக்கு நோட்டு எழுத மாட்டேங்குதுங்க சார். ரெண்டு வருசத்துல ஒரு பீசு முன்னப்பின்ன வந்ததில்லீங்க. இப்ப 'எனக்குக் கணக்கு வராதுங்கண்ணா'ன்னு சொல்லிப்போட்டுப் பிசிறு வெட்டுற எடத்துல போயி உக்காந்துக்குச்சுங்க. நீங்க படிச்சவங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். சிறு கத்தரிக்கோலால் சட்டை ஓரத்து நூல்களை வெட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் குவிந்திருந்ததை அவள் எண்ணவில்லை. பக்கத்துப் பெண் எண்ணிக்கொடுத்தாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

ஆம், நான் செய்தேன். தெரிந்து செய்தேன். ஒரு வாக்கியத்தை ஒன்பது மாதம் அவளிடமிருந்து ஒளித்து வைத்தேன். கணக்குத் தெரிந்தவளைக் கணக்குத் தெரியாதவள் என்று அவளே நம்பும்வரை விட்டேன். ஒன்பதாயிரம் கையெழுத்துகள் சேர்ந்துவிட்டன. வரும் ஞாயிற்றுக்கிழமை மாநாடு. பாடத்திட்டக் குழுவினர் நேரில் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரி முதல்வர் இரக்கப்பட்டு, தேறாத ஆறு பேருக்கும் கடைசியாக ஒரு மறுதேர்வு வைத்திருக்கிறார். அது வெள்ளிக்கிழமை காலை.

நெஞ்சில் ஈரமுள்ளவர்களே, இனியும் கைகட்டி நிற்காதீர்கள். மாநாட்டுக்குக் குடும்பத்தோடு வாருங்கள். கையெழுத்திடுங்கள். உங்களில் எவரேனும் ஒருவர் அந்தக் கம்பெனிக்குப் போய், முத்துப்பேச்சியைக் கூப்பிட்டு, புள்ளிக்குப் பின் பத்து என்று அவளிடம் சொல்லுங்கள். அதுவரை எனக்கு நிம்மதி இல்லை. ஞாயிறு மாலை, மாநாடு முடிந்ததும் போங்கள். வெள்ளிக்கு முன்னால் வேண்டாம்.