தலைப்பின் இரண்டாவது வரி

நாற்பத்து நான்கு மோசமான எண் அல்ல. போன் திரையில் ஒரு தலைப்புக்கு நாற்பத்து நான்கு புள்ளி உயரம் கொடுத்தால், ஒரு வரி எழுத்து நெருக்கடி இல்லாமல் உட்காரும். பார்க்கவும் லட்சணமாக இருக்கும். இதை முதலில் சொல்லக் காரணம், ஏதோ கிறுக்கன் வாக்குமூலம் கொடுக்க வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. என் பெயர் வென்செல் ஹல்மோஷ். இந்த செகெட் நகரத்தில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர்கள் வைத்திருக்கிறார்களே ஒரு செயலி, அதன் திரைகளை அமைத்தவன் நான். இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கம், ஒரு பக்கத்தில் பதினான்கு பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தலைப்பு. தலைப்பின் உயரத்தை எண்ணாகச் சொல்லாமல், எழுத்தைச் சுற்றி இவ்வளவு இடைவெளி என்று மட்டும் கட்டிவிட்டால், எழுத்து எத்தனை வரி போகிறதோ அத்தனைக்கும் தலைப்பு தானாக விரிந்துகொடுக்கும். அதுதான் முறை. முறை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் நாற்பத்து நான்கு என்ற எண்ணைத்தான் போட்டேன்.

ஏப்ரலில் செவிலியர்களுக்குப் பயிற்சி நடந்தது. அங்கேதான் பிரோஷ்கா நேனியை முதலில் பார்த்தேன். நேனி என்றால் எங்கள் பேச்சில் அத்தை; ஊரில் பாதிப் பேருக்கு அவர் நேனி. எனக்கு அத்தை வயது. போனில் எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக வைத்திருந்தார்.

"தம்பி, இங்க கொஞ்சம் வா. உன் பெட்டி பாதிய முழுங்கிடுதுப்பா."

பார்த்தேன். 'குடும்பத்தாரின் தொலைபேசி எண்கள்' என்ற தலைப்பில் முதல் வரி மட்டும் நின்றது. இரண்டாவது வரி நாற்பத்து நான்குக்குக் கீழே போய் மறைந்திருந்தது.

"குடும்பத்தாரின்னு போட்டு நிக்குது. குடும்பத்தாரின் என்னது? சண்டையா, சொத்தா?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். "எழுத்தைச் சின்னதா வெச்சுக்கங்க நேனி."

"சின்னதாக்கினா உன் தலைப்பு தெரியும். மத்தது எதுவும் எனக்குத் தெரியாதே."

புகார்த் தாளில் எழுதிக் கொடுத்தார். குண்டு குண்டான கையெழுத்து. 'பயன்படுத்துபவரின் அமைப்பு, பிழை அல்ல' என்று எழுதி அன்றே முடித்துவிட்டேன்.

ஆனால் மனசு கேட்கவில்லை. என்னிடம் அந்த நல்ல குணம் உண்டு. மே மாதம் எல்லாத் தலைப்புகளையும் விரியும்படி மாற்றினேன். அதில் ஒரு தொல்லை வந்தது. திரைக்கு வெளியே இருக்கும் தலைப்பை போன் முன்கூட்டியே அளக்காது, உத்தேசமாக ஒரு உயரத்தை வைத்துக்கொள்ளும். விரலால் தள்ளும்போது உத்தேசமும் நிஜமும் பொருந்தாமல் பட்டியல் துள்ளும். எங்கள் முதலாளி கேஸா போனை வாங்கித் தள்ளிப் பார்த்தார்.

"என்னய்யா இது, பட்டியலா தவளையா? செயலிய வாங்கறவங்க அடுத்த வாரம் வர்றாங்க. பழையபடியே வெச்சிரு."

துள்ளலைச் சரிசெய்ய இரண்டு நாள் வேலை ஆகியிருக்கும். பழையபடி வைக்க ஒரு நிமிடம் ஆனது. வாங்குகிறவர்கள் வந்தார்கள், பாராட்டினார்கள், கேஸா எல்லோருக்கும் பழச்சாராயம் ஊற்றினார்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஓடோன் என்ற கிழவருக்குக் காய்ச்சல், நெஞ்சுச்சளி. அன்று பணிமுறையில் இருந்த மருத்துவரிடம் பிரோஷ்கா நேனி போனில் பேசினார். அந்தப் பேச்சு பதிவாகியிருந்தது, உங்களிடமும் இருக்கும். மருத்துவர் பென்சிலின் ஊசி என்றார். நேனி நோயாளியின் பக்கத்தைத் திறந்தார்.

"பென்சிலின் இங்க ஒரு பட்டியல்ல இருக்கு டாக்டர். 'மருத்துவர் அனுமதியோடு'ன்னு தலைப்பு போட்டிருக்கு."

"மருத்துவர் நான்தானே. அனுமதிச்சாச்சு, போடுங்க."

தலைப்பின் இரண்டாவது வரி 'கூடத் தரக்கூடாதவை' என்பது. நம் மொழியில் இப்படித்தான். அனுமதியை முதலில் வைப்போம், கூடாது என்பதைக் கடைசியில் வைப்போம். ஊசி போட்ட அரை மணி நேரத்தில், ஒவ்வாமையால், கிழவர் இறந்துபோனார். அடுப்பில் அவருக்காக வைத்த சூப் கொதித்துக்கொண்டிருந்ததாம். அதை அணைக்கக்கூடத் தோன்றவில்லை என்று நேனி பிறகு என்னிடம் சொன்னார்.

மூன்று மணிக்கு அலுவலகத்துக்குச் செய்தி வந்தது. பென்சிலின் என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. மே மாதம் பழையபடி வைத்தபோது, பெரிய எழுத்தில் பதினான்கு தலைப்புகளையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருந்தேன். பதின்மூன்றில் வரி அறுந்தது பளிச்சென்று தெரிந்தது. ஒன்று மட்டும் அறுந்த மாதிரியே இல்லை. 'மருத்துவர் அனுமதியோடு.' முழுசாக, திருத்தமாக இருந்தது. இது ஒன்றாவது நன்றாக இருக்கிறதே என்று நினைத்தது நினைவிருக்கிறது.

நிரலில் நான்கு வரிகளை மாற்றினேன். திறக்கும்போதெல்லாம் எங்கள் செயலி திரை அமைப்பை எங்களிடமிருந்து புதிதாக வாங்கிக்கொள்ளும். நான்கு மணிக்கு எல்லாப் போன்களிலும் எல்லாத் தலைப்புகளும் விரிந்தன. இனி ஒருவருக்கும் அப்படி நேராது என்ற நிம்மதியில்தான் செய்தேன். மறுநாள் காலை அதிகாரிகள் நேனியின் போனைத் திறக்கும்போது இரண்டு வரியும் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு உண்மையும் ஒன்றாகவே இருந்தன.

விசாரணையில் நான் தொழில்நுட்பச் சாட்சி. இன்று இந்தத் திரை சரியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். அன்றைக்கு எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு போனை நேனியின் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார்கள். படித்தார். கண்ணாடியைக் கழற்றி, கம்பளிச் சட்டையில் துடைத்து, மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"அன்னைக்கு இது இல்ல" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இருந்திருக்கும். நான்தான் பார்க்கல" என்றார்.

வேலைக்கான உரிமம் போனது. மகோ ஊரில் இருக்கும் தங்கையின் வீட்டுக்குப் போனார். மாதம் ஒருமுறை அவரைப் பார்த்து வந்தவன் நான் ஒருவன்தான், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். போகும்போதெல்லாம் சுடச்சுடப் பாலாடைக்கட்டி ரொட்டி வைப்பார். கண்ணை நம்பாத மனுஷியாகிவிட்டார். பேருந்தின் எண்ணை மூன்று பேரிடம் கேட்பார். உப்பு டப்பாவைத் தங்கையிடம் நீட்டி, "இது உப்புதானே?" என்பார். இதய மாத்திரையைக்கூட யாராவது பெயரைப் படித்துச் சொன்னால்தான் விழுங்குவார்.

எனக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதைப் படித்தாலும் அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கும் என்று தோன்றும். டிராம் நிறுத்தத்தில், உணவகப் பட்டியலில், ஜன்னலுக்கு எதிரே இருக்கும் செருப்புக்கடைப் பலகையில். சுவரொட்டியின் கீழ் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்ப்பேன். அங்கே ஒன்றும் இருக்காது. ஆனாலும் பயமாக இருக்கும்.

போன மாதம் தங்கை ஒன்பது நாள் வெளியூர் போயிருந்தாள். அவள் திரும்பியபோது நேனி உயிரோடு இல்லை; மாத்திரை டப்பாக்கள் மேசை மேல் வரிசையாக இருந்தன. ஒன்றும் பிரிக்கப்படவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட நேனிக்குக் கூச்சமாக இருந்திருக்கும். அடக்கம் வியாழக்கிழமை நடந்தது. நானும் மண் போட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள், ரொட்டித் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு நேனி என் முகத்தையே பார்த்தார்.

"தம்பி, பயிற்சியில உன்கிட்ட காட்டினேனே, ஒரு வரி கீழ மறைஞ்சு கிடந்துச்சே. அன்னைக்கும் அப்படி இருந்திருக்குமோ? நீ சொன்னா நான் நம்பிடுவேன்."

"இல்ல நேனி" என்றேன். "அதெல்லாம் எப்பவோ சரி பண்ணியாச்சு. வயசானா யாருக்கும் வர்றதுதான்."

நெடுநேரம் அழுதார். பிறகு என் கையைப் பிடித்து, "நீயாவது மறைக்காம சொன்னியே, நல்லா இரு" என்றார்.

யாரும் என்னைக் கேட்கவில்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன். அதை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். பிரோஷ்கா நேனி கேட்டார்.